கூலியாய் வந்த துணி



உடுத்துக் கழித்த துணி சூத்திரனுக்கு, பிணத்தின் ஆடை சண்டாளனுக்கு என விதித்தது மனுநூல். 1927 டிசம்பர் 25இல் மகத் நகரில், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அந்நூல் தீக்கிரையாயிற்று. ஆயினும், பண்ணையார் வீட்டு வாசலில் பழந்துணிக்குக் கையேந்தி நிற்கும் வழக்கம் நம் சிற்றூர்களில் நெடுநாள் நீடித்தது.

அதே பழந்துணியை 1902இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் பாதிரியார் வேறுவிதமாகக் கையாண்டார். வீடுதோறும் திரட்டியவற்றை ஏழைகளைக் கொண்டே செப்பனிடச் செய்து, விற்று, அவர்களுக்குக் கூலி அளித்தார். அவர் வழிவந்த குட்வில் நிறுவனம், கடை வருவாயைக் கொண்டு, வேலை கிடைக்காதோர்க்கு இன்றும் தொழிற்பயிற்சி தருகிறது.

துணி ஒன்றே. பிச்சையாய் வந்தால் தலை குனியும். கூலியாய் வந்தால் நிமிரும். முன்பு புதுமண்டபத் தையலுக்குப் பெயர்பெற்றிருந்த மதுரையில், வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் இளைஞர்களுக்கென ஒரு தையற்கூடம் தொடங்குதல் வேண்டும்.