அவர்களையே கேட்போம்

(யூபிலி விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்னும் சொல் ஆட்டுக்கடாவின் கொம்பொலியோடு தொடர்புடையது என்பர் மறைநூல் அறிஞர். ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் கொம்பு ஊதுவார்கள். அடிமைகள் விடுதலை பெறுவார்கள். இழந்த நிலம் உரியவரிடம் திரும்பும். நாமும் கொம்புக்குப் பதிலாகக் கொட்டு முழக்குகிறோம், வெடி வெடிக்கிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் தேர்ப்பவனி நாளில் எந்தக் கடற்கரை ஊரிலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. எட்டு வயதுப் பிள்ளை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறி ஓடும். தாய் பின்னால் ஓடுவாள். கூட்டத்தில் ஒருவர், "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியாதா?" என்பார். இன்னொருவர், "ஏதோ காத்துக் கறுப்பு அண்டியிருக்கு, மந்திரிச்சுப் பாரு" என்பார். மறு ஞாயிறு அந்தத் தாய் பூசைக்கு வரமாட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் வரமாட்டாள். நம் கொம்பொலியே அந்தக் குடும்பத்தைக் கோவிலை விட்டு வெளியேற்றியது என்றால், அவர்களுக்கு யூபிலி எங்கே?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி. அதைவிட, அவர்கள் தங்களுக்காகத் தாங்களே செய்து வரும் பணிகளைப் பற்றி.

ஆட்டிசம் என்பது யாது? அது நோயன்று, பேயன்று, தொற்றுவதுமன்று. பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்திருப்பது. அதனால் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவை சிலருக்குத் தாங்க முடியாதவையாகும். சிலர் பேசவே மாட்டார்கள், சிலர் நிறையப் பேசுவார்கள். முகம் பார்த்துப் பேசுவது கடினம். பழகிய ஒழுங்கு மாறினால் தவிப்பு. சிலருக்கு இரவு பகல் துணை வேண்டும், சிலர் பட்டம் பெற்று வேலையும் பார்ப்பர். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை மூலம் இது மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. அதன் பின் பல ஆண்டுகள், தாயின் அன்புக் குறைவே காரணம் என்று படித்தவர்களே பழி கூறினர். 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர் அந்தப் பழியைத் தம் நூலில் மறுத்தார். அவரே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தை. அப்படியானால், தேர்ப்பவனியில் அந்தத் தாயைக் குறை கூறுகிறவர், உலகம் அறுபது ஆண்டுகளுக்கு முன் கைவிடத் தொடங்கிய பழியை இன்றும் சுமத்துகிறார் அல்லவா?

நம் அரசுத் தாள்களில் இவர்களைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதக் காண்கிறோம். "மதியிறுக்கம்" என்றும் சொல்வர். இப்பெயர்களைச் சூட்டியவர் யார்? மற்றவர்கள். புற உலகச் சிந்தனையற்றவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்கள், புற உலகத்தையே மாற்றப் புறப்பட்ட கதையைச் சிறிது கேளுங்கள்.

முதலில் பெற்றோரே குரல் கொடுத்தனர். 1962-இல் லண்டனில் பெற்றோர் கூடிச் சங்கம் அமைத்தனர். நம் நாட்டில் 1991-இல் டில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தோன்றியது. அதைத் தொடங்கிய மேரி பரூவா ஒரு தாய். தமிழில் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்னும் நூலைத் தந்த யெஸ். பாலபாரதி ஒரு தந்தை. இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் பல கூட்டங்களில் ஒருவர் மட்டும் இல்லாதிருந்தார். யாரைப் பற்றிப் பேசினார்களோ, அவர்.

1992-இல் அமெரிக்காவில் ஜிம் சின்கிளேரும் அவருடைய நண்பர்களும் 'ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். எல்லாருமே ஆட்டிசம் உள்ளவர்கள். அடுத்த ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டில் சின்கிளேர் பெற்றோரிடம் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லையே என்று வருந்துவது இயற்கை. ஆனால் வந்திருக்கிற பிள்ளை உங்கள் கண்முன் காத்திருக்கிறது, அதைப் பாருங்கள்.

1996 முதல் இவ்வமைப்பினர் 'ஆட்ரீட்' என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒன்றுகூடி வந்தனர். இங்கிலாந்தில் 2005-இல் 'ஆட்ஸ்கேப்' தொடங்கியது. இத்தகைய கூட்டங்களின் ஒழுங்கு நமக்கு வியப்பளிக்கும். கைதட்ட மாட்டார்கள். ஓசை வலிக்கும் என்பதால் கைகளை உயர்த்தி அசைத்துப் பாராட்டுவார்கள். சட்டையில் வண்ண அட்டை அணிவார்கள். சிவப்பு என்றால் இப்போது பேச வேண்டாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர் மட்டும் பேசலாம், பச்சை என்றால் யாரும் வரலாம். களைத்தவர் ஒதுங்க அமைதியான அறை ஒன்று இருக்கும். இவற்றை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. தங்களுக்கு எது வலிக்கும், எது இதம் என்பதை அறிந்த அவர்களே அமைத்துக்கொண்டார்கள்.

இதில் நமக்கு வியப்பென்ன? நாம் கடற்கரை மக்கள். நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது, மீன் எங்கே பாய்கிறது என்பதைக் கரையில் நிற்பவரிடமா கேட்கிறோம்? விடியலில் வள்ளம் கரை ஏறியதும், கடலுக்குப் போய் வந்தவரைத்தான் கேட்கிறோம். ஆட்டிசம் என்னும் கடலில் வாழ்கிறவரை மட்டும் கேட்காமல், கரையிலிருந்தே நாம் தீர்ப்புச் சொல்வது எந்த நியாயம்?

2006-இல் ஆரி நேமன், ஸ்காட் ராபர்ட்சன் என்னும் இரு இளைஞர்கள், அவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களே, தன்னுரிமைக்கான அமைப்பு ஒன்றை அமெரிக்காவில் நிறுவினர். அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தைகள் ஆய்வு மையம் நகரெங்கும் விளம்பரம் வைத்தது. ஆட்டிசம் என்பது பிள்ளையைக் கடத்திச் சென்று பணயக் கடிதம் எழுதும் கொள்ளைக்காரன் போல அதில் சித்திரிக்கப்பட்டது. 'நாங்கள் கடத்தப்பட்டவர்கள் அல்லர், இங்கேதான் இருக்கிறோம்' என்று இவ்வமைப்பினர் எதிர்த்தெழுந்தனர். மற்ற ஊனமுற்றோர் அமைப்புகளும் கைகோத்தன. அதே மாதத்தில் விளம்பரம் நீக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். "பேசத் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள். என் பிள்ளைக்கு வாயில் ஒரு சொல் வராது, நானே ஊட்டிவிட வேண்டும். அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தாய் கேட்கலாம். அதற்கு மறுமொழியாக ஒரு செய்தி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்டன் என்னும் ஊரில் ஒரு பள்ளி, பிள்ளைகளை அடக்குவதற்கென்று அவர்கள் உடலில் மின் அதிர்ச்சி கொடுத்து வந்தது. அங்கிருந்தவர்களில் பலர் தமக்காகப் பேச இயலாதவர்கள். அவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்களில் பேச இயன்ற ஆட்டிசம் உள்ளவர்கள் முன்னின்றனர். 2020-இல் அரசுத் துறை அக்கருவியைத் தடை செய்தது. 2021-இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. சோர்ந்து போகாமல் மீண்டும் முயன்றனர். 2022-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, தடை விதிக்கும் அதிகாரத்தை உறுதி செய்தது. பேசுகிறவர் பேசாதவருக்காக நின்றார் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

மேலும், வாய் பேசாதவர் கருத்தற்றவர் என்று யார் சொன்னது? படத்தைத் தொட்டும், எழுத்தைத் தட்டியும் பேசலாம். தலையைத் திருப்பிக்கொள்வதும் ஒரு பேச்சே. அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரான ஹரி சீனிவாசன் வாயால் மிகக் குறைவாகவே பேசுபவர், தட்டச்சு வழியே கருத்துரைப்பவர். அவர் 2021-இல் அந்நாட்டு அரசின் ஆட்டிசம் ஒருங்கிணைப்புக் குழுவில் உறுப்பினரானார். 2022-இல் பெர்க்லியில் பட்டம் பெற்று, நரம்பியல் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைக் கூறியது. அவற்றில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் முதல் கதவைத் திறந்தது. 2007-இல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்று, அவற்றுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அரசு வேலை ஒதுக்கீட்டிலும் இடம் தந்தது. இச்சட்டத்தில் நாம் மறக்கலாகாத ஒன்று உண்டு. சட்டப்படி முடிவெடுக்கத் துணை தேவைப்படும் ஒருவருக்கு வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் அமர்த்தப்பட்டாலும், அவர் அந்த நபரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். அதாவது, அவரையே கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

கேளாமல் விட்டால் என்ன ஆகும்? தொலைவில் தேட வேண்டாம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தவர் 28 பேர். மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு என்பதை அறிவோம். ஆயினும் பாடம் ஒன்றே. யாருடைய வார்த்தை கணக்கில் வராதோ, அவர் கட்டப்படுவார். பாசத்தால் கட்டினாலும் சங்கிலி சங்கிலியே.

திருச்சபையும் இதை உணர்ந்து வருகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வத்திக்கானில் வரவேற்றார். குருப்பட்டம் பெற்ற பின்னரே தமக்கு ஆட்டிசம் உண்டு என்று அறிந்த அருட்தந்தை மத்தேயு ஷ்னைடர், அதை மறைக்காமல் அறிவித்தார். தம்மைப் போன்றோர் செபிப்பதற்கு வழிகாட்டும் நூலையும் 2022-இல் வெளியிட்டார். பீடத்தில் நின்று பூசை செய்யும் குருவே அவர்களுள் ஒருவர் என்றால், பீடத்தின் முன் அமரும் பிள்ளைக்கு இடமில்லை என்று யார் சொல்ல முடியும்?

இனி நாம் செய்யக்கூடியவை. பெரும் பணம் வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு ஒலிபெருக்கியைக் குறைத்து, மேளமின்றிப் பூசை நடக்கட்டும். வெடி வெடிக்கும் நேரத்தை முன்னதாகவே வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவோம். கோவிலில் அமைதியான மூலை ஒன்றை ஒதுக்குவோம். புது நன்மை வகுப்பில் படங்களைக் கொண்டு கற்பிப்போம். பாட்டுப் புத்தகம் அடுக்குவது, மெழுகுதிரி ஏற்றுவது ஆகிய வேலைகளில் எது விருப்பம் என்று அவர்களையே கேட்டுக் கொடுப்போம். மருத்துவச் செலவுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை உதவும் 'நிராமயா' காப்பீடு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றைப் பெற நம் இளைஞர்கள் குடும்பங்களோடு அலுவலகம் வரை செல்லட்டும். சாதி மதம் பாராமல் தொண்டியின் எல்லாத் தெருக்களிலும் இதைச் செய்வோம். இவை யாவற்றுக்கும் மேலாக, இவற்றை முடிவு செய்யும் கூட்டத்தில் ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு நாற்காலி போடுவோம். அவர் பேசாவிட்டாலும், எழுந்து நடந்தாலும், நாற்காலி அவருடையது.

எரிகோ வழியில் பர்த்திமேயு கூவியபோது கூட்டம் அவரை அதட்டி அடக்கியது. ஆண்டவர் நின்றார், அழைத்தார், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கண் தெரியாதவர் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் கேட்டார். பர்த்திமேயு பார்வை கேட்டார். நம் பிள்ளைகள் வேறொன்று கேட்கலாம். ஒருவேளை, வெடிச்சத்தம் இல்லாத ஒரு மணி நேரம். கேட்டால்தானே தெரியும்?

அதட்டிய கூட்டமாக நாம் இருக்க வேண்டாம். நின்று கேட்கும் பங்காக இருப்போம். கோவிலுக்கு வராமல் நின்றுவிட்ட அந்தத் தாயின் வீட்டுக்கு இந்த வாரமே சென்று கதவைத் தட்டுவோம், மெதுவாகத் தட்டுவோம். அதுவே நம் யூபிலி.