பேலூர் எங்கேயும் தொலைஞ்சு போகலையே: 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'

இன்னிக்கு நான் மூணாவது தடவையா முடிச்ச ஒரு கேம் பத்திப் பேசப் போறேன். 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'. நாட்டி டாக் ஸ்டூடியோ 2017-ல பிளேஸ்டேஷன் 4-க்கு விட்டது, 2022-ல பிசிக்கும் வந்துடுச்சு. கடைசி சீன் வரைக்கும் பேசுவேன். ஸ்பாய்லர் வேண்டாம்னா இங்கயே நிறுத்திட்டு, முடிச்சுட்டு வாங்க.

கதை சிம்பிள். க்ளோயி ஃப்ரேசர், பாதி இந்தியர், பாதி ஆஸ்திரேலியர், புதையல் தேடுறவங்க. கூட நாடின் ராஸ், தென்னாப்பிரிக்கா, முன்னாள் கூலிப்படைத் தலைவி. மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்குற ஹொய்சாளர் இடிபாடுகள்ல பிள்ளையாரோட தந்தத்தைத் தேடுறாங்க. அதே தந்தத்துக்கு அசாவ்னு ஒரு கிளர்ச்சிப்படைத் தலைவனும் அலையுறான். க்ளோயியோட அப்பாவும் இதைத் தேடிப் போய்த்தான் செத்துப்போனார்.

இந்த கேமோட உயிர் நாலாவது சாப்டர்தான். ஒரு ஜீப், ஒரு பெரிய பள்ளத்தாக்கு, மூணு கோட்டை. கோபுரத்து மேல ஏறிச் சுத்திப் பாக்குறோம், க்ளோயி தன் மேப்ல பேனாவால குறிச்சுக்குறாங்க, அவ்வளவுதான். எந்தக் கோட்டைக்கு முதல்ல போறதுன்னு நம்ம இஷ்டம். திரையில அம்புக்குறி போட்டு இழுத்துட்டுப் போகாத கேம் இப்போ எத்தனை இருக்கு? சேத்துல ஜீப் வழுக்குறதைச் சமாளிச்சு மேட்டுல ஏத்தி, அருவிக்குப் பின்னாடி ஏதோ தெரியுதேன்னு திரும்புறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகத்தான் மூணு தடவை.

ரெண்டாவது ரவுண்ட் ஊர்ல, ஹால் டிவியில விளையாடினேன். அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தாங்க. "பிள்ளையாரு தானடா அது? ஷூ காலோட சிலை மேல ஏறுறா?"ன்னாங்க. அப்புறம் க்ளோயி நாடினுக்குக் கதை சொல்ற இடம் வந்துச்சு. பரசுராமர் சிவனைப் பாக்க வர்றார், பிள்ளையார் வாசல்ல தடுக்குறார், கோடரி பறந்து வருது. அது அப்பா கொடுத்த கோடரி, வீணாகக் கூடாதுன்னு பிள்ளையார் விலகாம தந்தத்துல வாங்கிக்கிறார். நான் இங்கிலீஷைத் தமிழ்ப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள அம்மாவே கதையை முடிச்சுட்டாங்க. "நம்ம பக்கம் பாரதம் எழுதத்தான் ஒடிச்சார்னு சொல்லுவாங்க, இதுவும் உண்டு"ன்னு ஒரு சேர்க்கை வேற. அப்பாவால காயப்பட்ட பொண்ணு, அப்பாவுக்காகத் தந்தத்தைக் கொடுத்த பிள்ளை. ரைட்டர்ஸ் சும்மா அலங்காரத்துக்கு எடுத்த புராணம் இல்லை இது. இந்த விஷயத்துல அவங்களுக்கு ஃபுல் மார்க்.

ஆனா அதுக்கு அடுத்த மாசம் நான் நிஜ பேலூர் போனேன். அங்கதான் சிக்கல் ஆரம்பிச்சது.

கேம்ல பேலூர் யார் கண்ணுலயும் படாம மறைஞ்சு கிடக்குற நகரம். நிஜத்துல? 1117-ல எழுப்பின சென்னகேசவர் கோவில்ல இன்னிக்கும் பூஜை நடக்குது. நான் போனப்ப பிரசாதத்துக்கு வரிசை, ஸ்கூல் பசங்க கூட்டம், வெளியில இளநீர்க் கடை. பக்கத்துல ஹளேபீடு, 1311-ல மாலிக் காஃபூர் படை வந்த ஊர். அங்க கோவில் சுவரோட கீழ் வரிசையில யானை யானையா போகுது. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே நடந்ததுல ஒரு மணி நேரம் போனதே தெரியல. ஹொய்சாளர் கலைன்னா அதுதான், மாவுக்கல்லுல நகை வேலை மாதிரி நுணுக்கம். கேம் அதைத் தூக்கிட்டு மலை உயரச் சிலையும் ராட்சச இயந்திரமும் வெச்சிருக்கு. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கல. ஆனா செதுக்கலை நின்னு பாக்க கேம் ஒரு காரணமும் தரலை. நிழலைப் பொருத்துற ஒரு புதிர்ல மட்டும்தான் சிலையோட வடிவத்தை உண்மையிலேயே கவனிச்சேன்.

இதுல எனக்கு உறுத்துறது அந்தப் பள்ளத்தாக்குல மனுஷங்களே இல்லைங்கறதுதான். ஒரு ஆடு மேய்க்கிறவர், ஒரு காபித் தோட்டக்காரர், யாரும் இல்லை. எதிர்ல வர்ற ஆட்கள் எல்லாரும் சுடறதுக்குன்னே வர்றவங்க. ஆரம்பத்துல சந்தையில வர்ற மீனுங்கற குட்டிப் பொண்ணு மட்டும்தான் நினைவுல நிக்குற ஒரே உள்ளூர் முகம். இடிபாடுன்னா அதுக்கு இப்போ யாரும் சொந்தக்காரங்க இல்லைன்னு ஒரு நினைப்பு இந்த ஜானர் முழுக்கவே இருக்கு. நான் போன ஊரையே அப்படிக் காட்டினப்பதான் எனக்கு அது சுருக்குனு தெச்சுது.

மத்த குறையெல்லாம் சின்னது. அசாவ் பேச்சுல மிரட்டுறான், கதையில நிக்கல. கிளைமாக்ஸ் ரயில் சண்டை செம வேகம், ஆனா 2009-ல வந்த ரெண்டாவது அன்சார்ட்டட் ஆடினவங்களுக்கு 'ஏற்கெனவே பாத்தோமே' இருக்கும்.

கடைசியில க்ளோயி தந்தத்தைக் கலாச்சார அமைச்சகத்துக்கே கொடுக்கப் போறேன்னு சொல்ல, கூட்டாளி சாம் ஆடிப்போயிடுவான். காமெடி சீன்தான். ஆனா அந்தக் கேள்வி கேமுக்கும் தெரிஞ்சிருக்கு, ஏழெட்டு மணி நேரம் கழிச்சு, கிரெடிட்ஸ் ஓடறப்பதான் கேக்குது.

நீங்க ஆடியிருந்தா, அந்தப் பள்ளத்தாக்குல எந்த இடத்துல ஜீப்பை நிறுத்திட்டுச் சும்மா நின்னீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நான் நின்னது மழை பேஞ்சு முடிச்ச ஒரு பாலத்துக்கிட்ட.