ஊர்ச் சேதிக்குப் படி அளப்பவர் யார்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் யங்ஸ்டவுன் என்றொரு எஃகு நகரம். 1977 செப்டம்பர் 19-ந் தேதி, காம்ப்பெல் ஆலையை மூடுவதாகக் கம்பெனி அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த அடியிலிருந்து ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை. 2019 ஆகஸ்டு 31-ல் ஊரின் தினசரியும் போயிற்று. 'விண்டிகேட்டர்' என்று பெயர், 1869-ல் பிறந்தது. 144 ஊழியர்களும், பத்திரிகை போடும் சுமார் 250 பேரும் தெருவுக்கு வந்தார்கள். பெயரைப் பக்கத்து ஊர்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டது.

ஏன் மூடினார்கள்? படிக்க ஆளில்லாமலா? விளம்பரப் பணத்தை கூகிளும் ஃபேஸ்புக்கும் அள்ளிக்கொண்டு போய்விட்டன, அதுதான் பெரிய காரணம். நகரசபைக் கணக்கை யார் பார்ப்பது? ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தால் யார் கேட்பது? கேட்க ஆளில்லை என்றால் கொள்ளைக்காரனுக்குக் கொண்டாட்டம்தான்.

வேடிக்கையைக் கேளுங்கள். சில வாரங்களுக்குள், அதே கூகிள் பணம் கொடுத்து, மெக்ளாச்சி கம்பெனியைக் கொண்டு அந்த ஊருக்கு ஒரு இணையச் செய்தித்தாள் துவங்கிற்று. அந்த மெக்ளாச்சியோ 2020 பிப்ரவரியில் திவால் மனுக் கொடுத்து, ஒரு பங்குச்சந்தைச் சூதாட்ட நிதியத்தின் கைக்குப் போயிற்று!

நைட் சகோதரர்கள் கதையும் இதே தினுசுதான். பத்திரிகை முதலாளிகள், அவர்கள் ரப்பர் நகரமான ஆக்ரனில் 1950-ல் ஒரு தர்ம ஸ்தாபனம் அமைத்தார்கள். அவர்களுடைய பத்திரிகைச் சங்கிலி 2006-ல் விலைபோயிற்று. பிறகு அந்த ஸ்தாபனம், ஊர்ச் சேதிக்குப் புதுவழி காண்பவர்களுக்கு ஐந்தாண்டில் இரண்டரைக் கோடி டாலர் தரும் போட்டியை நடத்தத் துவங்கிற்று. அந்தப் பணத்தில் நல்ல காரியங்களும் நடந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனு எழுதத் தெரிந்தவனுக்குத்தான் பணம். தவணை முடிந்தால் அடுத்த மனு. வாசகனுக்கு அங்கே என்ன குரல்?

ருஷ்யாவில் 1912-ல் 'பிராவ்தா' பிறந்தது தொழிலாளர்களின் கோப்பெக் காசில். லெனின் வசூல் கணக்கைப் பார்த்தபோது, தொகையை விட, எத்தனை தொழிலாளர் குழுக்கள் கொடுத்தன என்பதைத்தான் முதலில் எண்ணினார். அந்த அரையாண்டில் 504 வசூல்கள்! ஒவ்வொரு குழுவும் பத்திரிகையின் காவலன் அல்லவா?

ஆகவே உண்டியல் வரும்போது ஒரு ரூபாயானாலும் உங்கள் ஷிப்டின் பெயரால், உங்கள் தெருவின் பெயரால் போடுங்கள். கூடவே சேதியும் அனுப்புங்கள்: கூலி பாக்கியா, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையா, மெஷினில் கை போயிற்றா? கையெழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. தேதியும் இடமும் சரியாக இருக்கட்டும்.