தேன் யார்பொருட்டு?



சமண இல்லறத்தார் கள்ளையும் ஊனையும் போலவே தேனையும் விலக்குதல் மரபு. "தேனீ மனிதருக்காகத்தானே தேன் செய்கிறது? அதை உண்டால் என்ன?" என்று இல்லத்துப் பிள்ளைகள் வினவுவதுண்டு. அவ்வினாவில் ஒரு மயக்கம் மறைந்துள்ளது.

எழுத்தாணியின் முனை கூர்மையாயிருப்பது ஓலையில் எழுத்தைக் கீறுவதற்காக. அக்கூர்மையால் எழுத்தாணிக்கு யாதொரு பயனும் இல்லை, பயன் எழுதுவோர்க்கே. செய்தவன் உள்ளத்தில் முன்னரே தோன்றிய நோக்கம் பின்னர் இரும்பில் வடிவு பெற்றது.

தேனீயின் கொடுக்கு கூட்டைக் காப்பதற்காக என்பர். ஆயின், அதை எண்ணி வடித்த கொல்லன் எவனும் இல்லை. கொடுக்கினால் நன்கு காக்கப்பட்ட கூட்டங்கள் பிழைத்துப் பெருகின. அவற்றின் இயல்பு வழிவழியாக வந்தது. இங்கே 'காப்பதற்காக' என்னும் சொல் முன்னே வகுத்த திட்டத்தைக் குறிப்பதன்று. அவ்வுறுப்பு நிலைத்ததற்கான காரணத்தைக் குறிப்பது.

1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் இவ்விளக்கத்துக்கு வழி வகுத்தவர் சார்லசு டார்வின். ஓர் உயிரினத்தின் உறுப்பு மற்றோர் உயிரினத்தின் நன்மைக்கென்றே அமைந்தது என மெய்ப்பிக்கப்பட்டால் தம் கொள்கையே வீழும் என்றும் அவர் அந்நூலில் துணிந்து கூறினார். மலர் தேனீக்கு மது அளிப்பதும் வெறுங்கொடை அன்று. மகரந்தம் பரவுதலால் அம்மலரின் இனமே தழைக்கிறது.

இனித் தேனை நோக்குக. பணித் தேனீக்கள் மலரின் நீர்த்த மதுவைக் கொணர்ந்து, சிறகுகளால் விசிறி நீரை வற்றச் செய்து, மெழுகறைகளில் சேமிக்கின்றன. மலர் அருகிய காலத்தில் கூட்டம் உயிர்வாழ்வதற்கான உணவு அது. மனிதர் அதனை மருந்தாகவும் விருந்தாகவும் கொள்ளக்கூடும். அதனால் மட்டும் அது மனிதருக்காகத் தோன்றியது ஆகிவிடாது. பயன்படுவது வேறு, பயன் கருதித் தோன்றுவது வேறு.

அறிவியல் அறத்தை விதிப்பதில்லை. தேனை விலக்கும் நோன்பு, கூட்டைக் கலைக்கையில் மடியும் சிற்றுயிர்கள்பால் கொண்ட அருளினின்று பிறந்தது. எனினும், "இவை மனிதருக்காகவே உண்டானவை" என்னும் சாக்குப்போக்கினை அறிவியல் அகற்றிவிடுகிறது. உலகைப் படைத்தோன் ஒருவன் உளன் என்பதை ஏற்காத சமண நெறிக்கு இது புதிதன்று.

"இதனால் மனிதருக்கு என்ன பயன்?" என்பது கருவியை நோக்கிக் கேட்கத்தக்க வினா. உயிரை நோக்கிக் கேட்கத்தக்கது, "இதனால் அவ்வுயிர்க்கு என்ன பயன்?" என்பதே. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகட்கு உணர்த்துதல் பெற்றோர் கடன். உணர்ந்த பிள்ளை நோன்பைக் கட்டளையாகக் கொள்ளாது. தன் அறிவின் துணிபாகவே கொள்ளும்.

வாழ்க எவ்வுயிரும்.