ஆகாயத்தில் ஒரு பங்குக் கிணறு

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



உங்களிற் சிலர் இவ்விழாவுக்குச் சென்னையிலிருந்து நேரே பலாலிக்கு வந்திறங்கியிருப்பீர்கள். அந்தச் சிறிய பயணத்தில் விமானி முதலில் சென்னையோடு கதைக்கிறார். நடுக்கடலில் கொழும்பின் பொறுப்புக்குள் வருகிறார். கடைசியில் பலாலிக் கோபுரத்தோடு கதைத்து இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் வானொலியில் ஓர் எண்ணை மாற்றுகிறார். அந்த எண்ணை யார் கொடுத்தது? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

விமானங்களும் தரையும் குரலில் பேசிக்கொள்வதற்கு உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்ட இடம் ஏறக்குறைய 118 முதல் 137 மெகாஹேட்ஸ் வரைதான். வீட்டு எஃப்.எம். வானொலி 108இல் முடிகிறது. அதற்குச் சற்று மேலே, 19 மெகாஹேட்ஸ் அகலமுள்ள ஓர் ஒழுங்கை. இதற்குள்ளேதான் எல்லா நாட்டு விமானமும் போய்வர வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் உறுதியில் எழுதப்பட்டிருக்கும். தண்ணீர் எல்லோருக்கும் பொது, ஆனால் இறைப்பது முறைப்படி. முறை தவறினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர் நீதிமன்றங்களைக் கேட்டால் சொல்லும்!

1947ஆம் ஆண்டு அத்லாந்திக் நகரில் கூடிய சர்வதேச வானொலி மாநாடு 118 முதல் 132 மெகாஹேட்ஸ் வரையான பகுதியை விமானங்களுக்கென்று பிரித்துக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, எங்கள் குடாநாட்டில் இறங்கி, மதராசுக்குப் போனது. அந்நாளில் ஒரு வழிக்கும் அடுத்ததற்கும் இடையே 200 கிலோஹேட்ஸ் விட்டார்கள். எழுபது வழிகள் போதுமாயிருந்தன. விமானங்கள் பெருகப் பெருக இடைவெளியைக் குறுக்கினார்கள். 1972இல் அது 25 கிலோஹேட்ஸ் ஆயிற்று. இன்றுள்ள 760 வழிகள் அந்தக் கணக்கில் வந்தவை. ஐரோப்பா 1999 முதல் ஒவ்வொன்றையும் மூன்றாக்கி 8.33 கிலோஹேட்ஸுக்குப் போய்விட்டது.

அப்படியானால் எல்லோரும் மூன்றாகப் பிரித்தால் என்ன என்று கேட்கலாம். பழைய வானொலி பூட்டிய ஒரு விமானம் பேசினால் அதன் அலை பக்கத்து ஒடுங்கிய வழிகளிலும் வழிந்து விழும். ஆகவே அந்த வானத்தில் பறக்கும் அனைவரும் கருவியை மாற்ற வேண்டும். காசுள்ள நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் ஒரே விதி என்னும்போது, விதி மெதுவாகத்தான் நடக்கும். அந்த மெதுவைக் குறையாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பலாலியின் சங்கடம் வேறு. 1980களில் உயரமான குழாயில் அன்ரனா கட்டித் தூரதர்ஷன் பார்த்த தலைமுறை இங்கே இருக்கிறது. உயரம் கூடினால் தூரத்து அலை பிடிபடும் என்பதை அன்றே கண்டுகொண்டோம். இப்போது அன்ரனாவைப் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் வையுங்கள். யாழ்ப்பாணத்துக்கு மேலே அந்த உயரத்தில் போகும் விமானத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் சுற்றளவில் உள்ளதெல்லாம் கேட்கும். திருச்சி, மதுரை, சென்னை, கட்டுநாயக்கா நான்கும் அந்த வட்டத்துக்குள். இவற்றுள் ஒன்று ஏற்கெனவே பயன்படுத்தும் மீடிறனைப் பலாலி தன்பாட்டில் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்த எண்கள் ஒரு நாட்டின் தனி விருப்பமாக இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பாங்கொக் பிராந்திய அலுவலகத்தின் ஊடாக அயல் நாடுகளோடு ஒத்துப்பார்த்தே நிச்சயிக்கப்படுகின்றன. அரசியலில் பாக்கு நீரிணையின் இரு கரையும் எப்படியிருந்தாலும், இந்தப் பட்டியலில் பேசித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு கேள்வி மாணவிகள் அடிக்கடி கேட்பது: தெளிவான எஃப்.எம். இருக்க, விமானங்கள் ஏன் பழைய ஏ.எம். முறையில் பேசுகின்றன? எஃப்.எம்.இல் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பலத்த குரல் மெலிந்த குரலை விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம்.இல் இரண்டும் மோதிக் கீச்சென்று சத்தம் கேட்கும். விளங்காவிட்டாலும், யாரோ குறுக்கிட்டார் என்று தெரியும். அதுவும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 1977 மார்ச் 27ஆம் திகதி தெனெரீப் தீவில், ஓடுபாதையில் இருந்த விமானத்தின் குரலும் கோபுரத்தின் குரலும் ஒரே கணத்தில் எழுந்தன. புறப்பட ஓடிய மற்ற விமானத்தில் சில வினாடிகள் கீச்சொலியே மேலோங்கியது. இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. ஆயினும் அந்தச் சில வினாடிகள் அவற்றுள் ஒன்று.

இப்போது புதுப் பங்காளிகள் வந்திருக்கிறார்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று விமானம் அறிவது 4200 முதல் 4400 மெகாஹேட்ஸ் வரை இயங்கும் உயரமானியால். பனிமூட்டத்தில் தானாக இறங்குவது இதை நம்பித்தான். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 5ஜி கைத்தொலைபேசிச் சேவை 3800 வரை வந்தபோது, எயர் இந்தியா உட்படச் சில நிறுவனங்கள் அங்கு போகும் சில பறப்புகளை நிறுத்தின. கைத்தொலைபேசி தன் வேலியைத் தாண்டவில்லை. அயல் அமைதியாக இருந்த காலத்தில் செய்த பழைய உயரமானிகள் வேலிக்கு அப்பாலும் காது கொடுத்தன. பின்னர் வடிகட்டிகள் பூட்டினார்கள். கனடா முன்கூட்டியே விமான நிலையங்களைச் சுற்றிக் கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்காவில் இரண்டு அரச அமைப்புகள் வேளைக்கே ஒரு மேசையில் இருந்து கதைத்திருந்தால் இவ்வளவு அமளி வந்திராது என்பது எங்கள் எண்ணம்.

இலங்கையிலும் அலைக்கற்றையைப் பங்கிடுவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பறப்பின் பாதுகாப்பைப் பார்ப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. 2027இல் கூடவுள்ள உலக வானொலி மாநாட்டில், உயரமானியின் மறுபக்க வேலியான 4400 முதல் 4800 வரையான பகுதியையும் கைத்தொலைபேசிக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி வருகிறது. அங்கே பெரிய நாட்டுக்கும் ஒரு வாக்கு, எங்களுக்கும் ஒரு வாக்கு. அதற்கு முன் ஆசிய நாடுகள் கூடித் தங்கள் நிலைப்பாட்டை எழுதும். எங்கள் நாட்டின் பக்கத்தை இந்த இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து எழுதவேண்டும் என்பதே நாங்கள் கேட்பது.

சபையில் தொலைபேசி நிறுவனங்களில் உயர் பதவி வகிக்கும் சகோதரிகளும் இருக்கிறீர்கள். கிராமத்துப் பிள்ளைக்கு வேகமான இணையம் வேண்டாமா என்று கேட்கப்போகிறீர்கள். நியாயமான கேள்விதான். மதியச் சாப்பாட்டில் ஒரே மேசையில் இருந்து அதைத் தொடருவோம்.