உயரத்து இருக்கைக்கு ஓர் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறைவுவிழாக் கூட்டத்தில் சங்கப் பாடலைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானோ அரங்குகளின் உயரமான இருக்கைகளில் அமர்வதற்கு நம்முள் சிலர் படும் அச்சத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கியக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். கவிதை கேட்க வருகிறவர் அரங்கின் படிகளைக் கண்டே திரும்பிப் போவாராயின், அது இலக்கிய வட்டத்தின் கவலையாகத்தான் இருக்க வேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இந்நான்கும் நமக்குப் புறத்தே நின்று நம்மை வருத்தக்கூடியவை. உயரம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. உயரம் நம்மைத் துரத்துவதில்லை, கடிப்பதில்லை, தண்டிப்பதும் இல்லை. ஆயினும் உள்ளங்கை வியர்க்கிறது, முழங்கால் தளர்கிறது, முன்னோக்கிச் சாய்ந்து விழுந்துவிடுவோம் என்று உடம்பு சொல்கிறது. புறத்தே பகை எதுவும் இல்லாமையால், இந்த அச்சம் உடையவர் அதனைப் பிறரிடம் சொல்ல நாணுகிறார்.

நான் அறிந்த மூத்த பெண் கவிஞர் ஒருவர், பெரிய அரங்குகளில் நடக்கும் விழாக்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். ஒருநாள் என்னிடம் மட்டும், "வலி முழங்காலில் இல்லையம்மா, கண்ணில் இருக்கிறது. மாடி இருக்கையில் உட்கார்ந்தால் மேடை என்னை இழுக்கிறது" என்றார். எனக்கும் அதே துன்பம் உண்டு என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டோம். ஆனால் அவர் வாராமல் போன விழாக்களை எண்ணியபோது அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. அவருடைய நூலைப் பற்றி ஒரு விழாவில் பேசினார்கள். அதைக் கேட்க அவர் அங்கு இல்லை.

நம் பழைய அரங்கு இத்தகைய துன்பத்தைத் தந்திருக்க வழியில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய மேடைக்கு அளவு கூறுகிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். நிற்பவர் இடுப்பைத் தாண்டாத உயரமே மேடைக்கு இருந்தது. நம் தெருக்கூத்திலும் காண்போர் தரையில்தான் அமர்கின்றனர். ஆடுவோர் சற்று உயர்ந்திருக்க, காண்போர் மண்ணில் அமர்ந்திருந்த மரபு நம்முடையது. கிரேக்கர் மலைச்சரிவில் படிப்படியாகக் கல்லிருக்கை அமைத்தனர். ஆந்திர நாட்டின் நாகார்ச்சுனகொண்டாவில் இக்குவாகு மன்னர் காலத்துப் படிவரிசை அரங்கு ஒன்று அகழாய்வில் வெளிப்பட்டது உண்மை. எனினும் நம் ஊர்களில் அம்முறை வேரூன்றவில்லை. சென்னை எழும்பூரில் 1896இல் எழுந்த அருங்காட்சியக அரங்கு போன்றவை வந்த பிறகே, ஏறிச்சென்று அமர்ந்து கீழ்நோக்கிக் காணும் பழக்கம் இந்நகரில் பரவியது.

இருக்கைகளை ஏன் இத்துணைச் செங்குத்தாக அமைக்கின்றனர்? முன்வரிசையில் இருப்பவர் தலைக்கு மேலாகப் பின்வரிசையில் இருப்பவரின் பார்வை மேடைக்குச் செல்ல வேண்டும். மேடையை விட்டு விலகி மேலே போகப்போக, அந்தப் பார்வைக் கோடு மறையாமல் இருக்க ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையினும் மிகுதியாக உயர வேண்டியிருக்கிறது. அதனால்தான் அரங்கின் கீழ்ப்பகுதி மெல்லச் சரிகிறது. மேல்பகுதி ஏணிபோல் நிற்கிறது. கடைசி வரிசையில் இருப்பவரும் நன்கு காணவேண்டும் என்ற நல்லெண்ணமே இச்செங்குத்துக்குக் காரணம்.

இதற்குச் சேப்பாக்கத்தைக் காட்டலாம். 2011ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டிகளுக்கு முன்னர் மா. அ. சிதம்பரம் விளையாட்டரங்கு புதுப்பிக்கப்பட்டது. இலண்டனின் ஹாப்கின்ஸ் கட்டடக்கலை நிறுவனமும் சென்னையின் நடராஜ்-வெங்கட் நிறுவனமும் அதை வடிவமைத்தன. புதிய படிவரிசைகளின் சாய்வு 36 பாகை. கடற்காற்று உள்ளே வரவும், ஆட்டத்தை நெருங்கிக் காணவும் அது வழி செய்தது. பிரித்தானியரின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி நூலோ, இருக்கைச் சாய்வு 34 பாகையை மிகாமல் இருப்பது நன்று என்கிறது. இவ்விரு எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறிதுதான். ஆனால் இரண்டுமே நம் வீட்டு மாடிப்படியின் சாய்வுக்கு நிகரானவை. மாடிப்படியின் உச்சியில், கைச்சுவர் இல்லாத இடத்தில், மூன்றுமணி நேரம் கீழ்நோக்கி அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்தால் அந்த அன்பரின் நிலை விளங்கும்.

இனி உடம்பின் நிலையைப் பார்ப்போம். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று தூதர் செய்தி கொண்டுவருகின்றனர். கண் ஒன்று, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு மற்றொன்று, பாதமும் தசையும் மூட்டும் தரும் உணர்வு மூன்றாவது. அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும்போதும் உடம்பு சிறிது ஆடிக்கொண்டேயிருக்கிறது. அருகில் உள்ள சுவரையோ தூணையோ கொண்டு அந்த ஆட்டத்தைக் கண் அளந்து திருத்துகிறது. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிரான்ட் முதலியோர் 1980இல் இதனை விளக்கினர். கண்ணுக்கு எட்டும் மிக நெருங்கிய பொருளே ஏறத்தாழ 3 மீட்டருக்கு அப்பால் போய்விட்டால், உடம்பின் ஆட்டத்தைக் கண்ணால் சரியாக அளக்க இயலாது. செவியும் பாதமும் ஆடுகிறோம் என்கின்றன. கண்ணோ ஆடவில்லை என்கிறது. தூதர் முரண்பட்டால் அரசன் கலங்குவது இயல்புதானே?

செங்குத்தான இருக்கையில் முன்வரிசையின் முதுகுச்சாய்வு நம் காலடிக்குத் தாழ்ந்துவிடுகிறது. பார்வை பற்றிக்கொள்ள அருகில் எதுவுமில்லாமல் நேரே கீழே பாய்கிறது. நிற்கும்போது இத்துன்பம் மிகுவதும், அமர்ந்தவுடன் குறைவதும் இதனால்தான். முதுகும் தொடையும் இருக்கையைத் தொடும்போது, கண் இழந்த செய்தியை உடம்பு வேறு வழியில் பெறுகிறது.

இது அரிய குறையன்று. ஜெர்மனியில் 3,517 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், 28 விழுக்காட்டினர் வாழ்வில் எப்போதேனும் உயரத்தைக் கண்டு இவ்வாறு தளர்ந்ததாகக் கூறினர். பெண்களில் 32 விழுக்காடு. ஆண்களில் 25 விழுக்காடு. அக்கணக்கு நம் ஊருக்கும் ஒருவாறு பொருந்துமாயின், இந்த அவையில் நால்வரில் ஒருவர் தம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாத ஒரு செய்தியை வைத்திருக்கிறார்.

பெருங்கவிஞரும் இதற்கு விலக்கல்லர். ஜெர்மானிய மகாகவி கதே, சட்டம் பயிலும் மாணவராக 1770இலும் 1771இலும் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்தார். உயரத்தில் தமக்கு வரும் தலைச்சுற்றலைப் போக்க அந்நகரப் பேராலயத்தின் கோபுரத்தில் தன்னந்தனியே ஏறினார். உச்சிக்குக் கீழே கால் மணி நேரம் அமர்ந்து, பின் திறந்தவெளியில் பிடிமானம் இல்லாத சிறு தளத்தில் நின்றார். அந்த உணர்வு தம்மை வாட்டாத நிலை வரும்வரை பலமுறை இவ்வாறு செய்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரைப்போல் உச்சியிலிருந்தே தொடங்குக என்று நான் சொல்லமாட்டேன். 1958இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே வகுத்துரைத்த முறை இன்னும் மென்மையானது. அச்சம் தரும் நிலைகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, உடம்பைத் தளர்த்தி அமைதி கொண்டு, ஒரு படியில் அச்சம் அடங்கிய பின்னரே அடுத்த படிக்குப் போவது அம்முறை. நம் ஊரில் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. தொடர்வண்டி நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஒரு பக்கமாகக் கம்பியைப் பற்றி நிற்கலாம். பிறகு பறங்கிமலைப் படிகள். பிறகு ஆளில்லாத அரங்கின் மேல்வரிசை. கடைசியாகக் கூட்டம் நிறைந்த அரங்கு.

இவ்விடத்தில் மலைபடுகடாத்தை நினைவுகூர விரும்புகிறேன். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை எடுத்துரைக்கும் நூல் அது. பாசி படர்ந்து அடி வழுக்கும் இடம் உண்டு என்று முன்னரே சொல்கிறார் புலவர். அங்கே நெருங்கி வளர்ந்த சிறுமூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள் என்கிறார். 'அஞ்சாதீர்' என்று வாயால் சொல்லிவிட்டு அவர் நின்றுவிடவில்லை. இடர் எங்கே இருக்கிறது என்பதையும், கை எதைப் பற்றவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஈராயிரம் ஆண்டுக்காலப் பழமையுடைய அந்த அறிவுரையும் மருத்துவர் கூறும் காரணமும் ஒன்றுபடுகின்றன. கைக்கும் கண்ணுக்கும் அருகில் ஒரு பற்று வேண்டும்.

ஆகவே உயர இருக்கைக்கு ஓர் ஆற்றுப்படை சொல்லி முடிக்கலாம் என்று கருதுகிறேன்.

அன்பரே, கூட்டம் வரும் முன்னரே அரங்கிற்குச் செல்க. பால்கனியில்தான் இடம் என்றால், கம்பியை ஒட்டிய முதல்வரிசையை விடுத்து, அதற்கு இரண்டு மூன்று வரிசை பின்னே, படிக்கட்டை ஒட்டாத இருக்கையைத் தேர்க. ஏறும்போது அடுத்த படியை மட்டும் நோக்குக. பாதி வழியில் திரும்பிப் பாராதே. உன் வரிசையை அடைந்ததும் முதுகுச்சாய்வைப் பற்றி அமர்ந்துகொள்; அதன் பிறகு மேடையைப் பார். முதலில் பக்கத்துத் தூணையோ நண்பர் தோளையோ நோக்கி, பார்வையை மெல்ல நீட்டுக. மூச்சை நீள விடு. எல்லோரும் எழுந்து கைதட்டும்போது நீ அமர்ந்தபடியே கைதட்டலாம். கவிஞர் உன்னைத் தவறாக எண்ணமாட்டார். இறங்கும்போது கூட்டம் கலையும்வரை பொறுத்திரு. ஒரு கை கம்பியில் இருக்க, உடன் வந்தவர் ஒரு படி முன்னே இறங்கட்டும். சமதரையிலும் தலை சுற்றுமானால் அது வேறு நோய். அதற்குச் செவி மருத்துவரைக் காண்க.

கைப்பிடிக் கம்பி அஞ்சுவோர்க்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டா. 1971 சனவரி 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் விளையாட்டரங்கில், ஆட்டம் முடிந்து மக்கள் இறங்கிய படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் மாண்டனர். நான் முன்னே குறிப்பிட்ட பிரித்தானிய வழிகாட்டி நூல் அதன் பின்னரே, 1973இல் பிறந்தது. படியைக் கண்டு தயங்குகிறவர், அஞ்சாதவர் காணத் தவறிய ஓர் உண்மையை உடம்பால் அறிந்தவர்.

இனி வட்டத்திற்கு என் வேண்டுகோள். வரும் ஆண்டுகளில் நம் விழாக்கள் பெரிய அரங்குகளுக்குச் செல்லக்கூடும். செல்லவேண்டும் என்பதே என் விருப்பமும். அவ்வாறு செல்லும்போது மூன்று செயல்களைச் செய்வோம். அழைப்பிதழிலேயே இருக்கை எந்தத் தளத்தில், எத்தனை படி ஏறவேண்டும் என்று அச்சிடுவோம். தரைத்தளத்தின் இரண்டு வரிசைகளைக் காரணம் கேளாமல், கேட்பவர்க்கெல்லாம் கொடுப்போம். பரிசு பெறுவோரையும் கவிதை படிப்போரையும் மாடியில் அமர்த்திவிட்டுப் பெயர் சொல்லி அழைக்காமல் இருப்போம். இம்மூன்றுக்கும் பணம் செலவில்லை.

காரணம் கேளாமல் என்று நான் சொன்னதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். 'இதற்கெல்லாமா பயம்?' என்னும் ஒரு கேள்வி, 36 பாகைச் சாய்வைவிடச் செங்குத்தானது. அதை ஏறமுடியாமல்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். அந்த மூத்த கவிஞருக்கு அடுத்த விழாவின் அழைப்பிதழை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க இருக்கிறேன். அதில் தரைத்தளம், மூன்றாம் வரிசை என்று எழுதியிருக்க வேண்டும். அதைச் செய்து தருவது செயலாளரின் பொறுப்பு.