வெட்கத்தால் வளரும் நோய்

 

நாம் பிறரிடம் சொல்லக் கூசும் நோய்களுள் ஒன்று பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். மலத்தில் இரத்தம் கண்டால் ‘மூலச்சூடு’ என்று முடிவு செய்து மோர் குடிக்கிறோம், கைமருந்து தேடுகிறோம். தறியை நிறுத்தினால் கூலி நின்றுவிடும் என்று நாட்களைத் தள்ளுகிறோம். மூலத்திலும் இரத்தம் வரும், புற்றிலும் வரும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவரின் சோதனை வேண்டும். நம் ஊகம் போதாது.

இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகின்றன. குடல் உள்நோக்கிக் கருவியால் அதனைக் கண்டு அப்போதே அகற்றிவிடலாம். அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, நோய் குடலளவில் இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் 100க்குச் சுமார் 90 பேர் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர். கல்லீரல், நுரையீரல் வரை பரவிய பின் வருவோரில் அவ்வாறு வாழ்பவர் ஏறத்தாழ 15 பேரே.

நோய் உறுதியான பின்னரும் தாமதம் ஆபத்தானதே. ஏழு வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்து 2020இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் மரண அபாயம் 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுகிறது என்று கண்டது. பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே முடிந்துவிட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுகிறோம். உடலுக்கு மட்டும் ஏன் தவணை கேட்கிறோம்?

மற்றோர் அச்சமும் நம்மவரைத் தடுக்கிறது. மலக்குடல் அறுவைக்குப் பின் சிலருக்கு வயிற்றில் வழி அமைத்துப் பை பொருத்துவார்கள். “பையுடன் தொழுகை கூடுமா?” என்று அஞ்சிச் சிகிச்சையை மறுப்போர் உண்டு. கூடும். தடுக்க இயலாத கசிவு உடையவருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. ஒவ்வொரு வக்து வந்தபின்னும் உளூச் செய்து அவர் தொழலாம். தொழுகைக்காக உயிரைப் பணயம் வைக்குமாறு மார்க்கம் கேட்கவில்லை. மார்க்கச் சட்டங்களைக் கேட்டறிய வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். நோயைச் சொல்வதிலும் அந்தத் துணிவு நம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேண்டும்.

மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிய மலப்பழக்கம், காரணமற்ற எடைக்குறைவு, சோர்வுடன் கூடிய இரத்தசோகை ஆகியவை கண்டால் உடனே அரசு மருத்துவமனையை அணுகுங்கள். புற்றுநோயால் 1969இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையும், சென்னையில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் உருவான அடையாறு மருத்துவமனையும் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. நோய் வந்தபின் சான்றிதழுக்கு அலைவதும் தாமதமே. அட்டையை இன்றே எடுத்து வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்கல் வைக்க வேண்டும் என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். மருத்துவம் செய்துகொள்வதும் அத்தகைய கட்டுதலே. ஹயாத்தும் மவ்த்தும் அல்லாஹ்வின் கையில். காலத்தே மருத்துவரிடம் செல்வது நம் கையில்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.